பாஸ்டிபிள்: ரொட்டி சுடும் இரும்புச் சட்டி

அயர்லாந்து கிராமப்புறம், 19–20ஆம் நூற்றாண்டு
வார்ப்பிரும்பு

மூன்று குட்டைக் கால்களும் தட்டையான அடியும் கனத்த மூடியும் கொண்ட இச்சட்டி, தனி ரொட்டி அடுப்பு இல்லாத பண்ணை வீடுகளில் பயன்பட்டது. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய பீட் கட்டிகளே எரிபொருள். சட்டியைத் தணலில் வைத்து, மூடியின் மேலும் தணல் பரப்புவர். ரொட்டி இருபுறமும் சீராக வேகும்.

அன்றாடம் இதில் சுட்டது சோடா ரொட்டி. அயர்லாந்தின் மென் கோதுமை மாவு ஈஸ்ட்டில் நன்கு உப்பாது. 19ஆம் நூற்றாண்டில் சமையல் சோடா பரவியதும் அக்குறை நீங்கியது. மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வாயுவை உண்டாக்கி மாவை உப்பச் செய்யும். உட்பகுதி நன்கு வேக, மேலே சிலுவைக் குறியாகக் கீறுவர்.

அக்டோபர் 31, ஹாலோவீன் இரவில் அக்காலத்தில் இறைச்சி விலக்கப்பட்டது. மசித்த உருளைக்கிழங்குடன் கேல் கீரை அல்லது முட்டைக்கோஸ், வெண்ணெய் சேர்த்த கால்கேனன் அன்றைய உணவு. உலர்திராட்சை கலந்த பார்ம்பிராக் ரொட்டிக்குள் மோதிரம் ஒன்றை மறைத்துச் சுடுவர். அது கிடைத்தவருக்கு ஓராண்டுக்குள் திருமணம் நடக்கும் என்பது நம்பிக்கை.

1946இல் கிராமங்களுக்கு மின்சாரம் வழங்கும் பணி தொடங்கியது. மின் அடுப்புகள் வரவர, இச்சட்டி வழக்கொழிந்தது. சோடா ரொட்டி இன்றும் ஐரிஷ் வீடுகளில் அன்றாட உணவு.