டிரைவர் இல்லாத ரெயில்!

கோட்டக்குப்பத்தில் ரெயில் நிலையம் கிடையாது. சென்னைக்குப் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறுவார்கள். சென்னையில் மெட்ரோ ரெயிலைப் பார்த்ததும் குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்! அந்த மெட்ரோவுக்கு, டிரைவர் இல்லாமலே ஓடக்கூடிய ரெயில்களும் வாங்கப்பட்டுள்ளன.

கப்பலில் வந்தவை

முதல் கட்டத்துக்கு 42 ரெயில்கள் வாங்க, 2010-ம் ஆண்டு அல்ஸ்டாம் என்ற பிரெஞ்சு கம்பெனியுடன் ஒப்பந்தம் ஆயிற்று. 9 ரெயில்கள் பிரேசில் நாட்டில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தன. மற்ற 33 ரெயில்களும் ஆந்திராவில், தமிழக எல்லை அருகே உள்ள ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் உருவாயின.

டிரைவர் இல்லாத ரெயில்களும் அங்கேதான் பிறந்தன. முதலில் வாங்க முடிவானவை 36 ரெயில்கள்; ஒவ்வொன்றிலும் 3 பெட்டிகள். முதல் ரெயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்து சேர்ந்தது.

குழந்தை சிக்கினால்?

"டிரைவர் இல்லையே! கதவில் குழந்தை சிக்கினால் யார் பார்ப்பது?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கதவின் இடையே கை, கால் அகப்பட்டால் கதவு மூடாது. கதவு மூடாதவரை ரெயில் நகராது. பிளாட்பாரத்தின் ஓரத்திலும் தடுப்புக் கதவுகள் உண்டு. ரெயில் வந்து நின்ற பிறகே அவை திறக்கும். பெட்டிக்குள் நடப்பதைக் காமிரா காட்டும். ஆபத்து என்றால் பொத்தானை அமுக்கி, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரிடம் பேசலாம்.

ரெயிலில் டிரைவர் இல்லையே தவிர, அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் இல்லை!