உங்களுக்குத் தெரியுமா? நட்ட முடி முதலில் கொட்டத்தான் செய்யும்!

முடி நடவு சிகிச்சையில் அதிகம் வலிப்பது பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போடும் சில நிமிடங்கள்தான். பிறகு, முடி எடுத்த பின்னந்தலையில் சில நாள் இறுக்கமும் எரிச்சலும் இருக்கும். மருத்துவர் தரும் மாத்திரைக்கு அடங்கும். நெற்றி வீங்கி, வீக்கம் கண் இமை வரை இறங்கலாம். அதுவும் சில நாளில் வடிந்துவிடும். பொருக்கை மட்டும் நகத்தால் பெயர்க்காதீர்கள்.

பலர் கலங்குவது அதற்கப்புறம். நட்ட முடி சில வாரங்களில் கொட்டும். வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது; 3, 4 மாதத்தில் முளைக்கத் தொடங்கும். முழுப் பலனுக்கு ஓராண்டு ஆகும்.

மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளத்திலோ கடலிலோ வேலை பார்ப்பவரா? சுள்ளென்ற வெயிலும் வியர்வையும் புதுப் புண்ணுக்கு ஆகாது. எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு தேதி குறியுங்கள்.

2016-இல் சென்னையில் இச்சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் பின்னர் உயிரிழந்தார். பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது இதற்குப் போதாது என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டது. செய்பவர் முறையாகப் பயின்ற மருத்துவர்தானா என்று தயங்காமல் கேளுங்கள். காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.