சளி பிடித்தால் வெங்காயத்தாள்!
சீன வைத்தியர் சொன்ன கஷாயம்

மழையில் நனைந்து வருகிறான் மகன். உடம்பு நடுங்குகிறது. மூக்கு அடைத்துக்கொள்கிறது. சீன நாட்டுத் தாய் என்ன செய்வாள்? நேரே அடுப்படிக்குப் போவாள்.

நாலைந்து வெங்காயத்தாளை எடுப்பாள். பச்சை இலையை நறுக்கிக் குழம்புக்கு வைத்துக்கொள்வாள். வேரை ஒட்டிய வெள்ளைத் தண்டை இஞ்சித் துண்டுடன் கொதிக்க வைப்பாள். பழுப்புச் சர்க்கரை சேர்த்துச் சுடச்சுடக் கொடுப்பாள். பிறகு மகனைப் போர்வையால் மூடிவிடுவாள். சிறிது நேரத்தில் வேர்வை அரும்பும்.

வெள்ளைத் தண்டே மருந்து

வெங்காயத்தாளின் குணம் சூடு, சுவை காரம் என்பது சீன வைத்தியர்களின் கணக்கு. வெளியிலிருந்து உடம்பில் புகுந்த குளிர்ச்சியை அது வேர்வையாக வெளியே தள்ளுமாம்! தண்டை இடித்துச் சூடாக்கி, வயிற்றுவலிக்குத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பதும் உண்டு.

ஆனால், கஷாயம் சளி தொடங்கும்போது மட்டும்தான். ஏற்கெனவே வேர்த்துக் கொட்டுகிறவருக்கு இதைக் கொடுக்கக்கூடாது என்று அவர்களே எச்சரிக்கிறார்கள்.

விறகு விற்றுப் படித்தவர்

இந்த வைத்தியம் மிகப் பழையது. கி.பி. 4-ம் நூற்றாண்டில் கோ ஹுங் என்ற அறிஞர் இதை எழுதி வைத்தார்.

கோ ஹுங் 13-வது வயதில் தந்தையை இழந்தவர். குடும்பம் வறுமையில் வாடியது. விறகு வெட்டி விற்றுத்தான் காகிதமும் எழுதுகோலும் வாங்கினார். ஏழையின் கஷ்டம் அவருக்குத் தெரியும்!

அவசரத்துக்குக் கையோடு வைத்துக்கொள்ள ஒரு வைத்திய நூல் எழுதினார். விலை உயர்ந்த மருந்துகளைத் தவிர்த்தார். எளிதில் கிடைக்கும் செடி கொடிகளையே தேர்ந்தெடுத்தார். ஒரு பிடி வெங்காயத்தாள் தண்டு, புளிக்க வைத்த சோயா மொச்சை, 3 படி தண்ணீர். அதை 1 படியாகச் சுண்டக் காய்ச்சிக் குடிக்கவேண்டும். இதுவே அவர் சொன்ன கஷாயம்.

அதே நூலில் நோபல் பரிசு!

அதே நூலில், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு இன்னொரு மருந்தும் உண்டு. ஒரு வகை மாசிப்பச்சைச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து சாறு குடிக்கச் சொன்னார். கொதிக்க வைக்கச் சொல்லவில்லை!

சுமார் 1,600 ஆண்டுகளுக்குப் பிறகு, தூ யூயூ என்ற சீனப் பெண்மணி அந்த வரியைப் படித்தார். சூட்டில் மருந்துச் சத்து கெடுகிறதோ என்று சந்தேகித்தார். 1971-ம் ஆண்டில் குறைந்த சூட்டில் சத்தைப் பிரித்தார். அதுவே மலேரியாவை விரட்டும் மருந்தாயிற்று. லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. 2015-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் செடி சோதனையில் வென்றது. வெங்காயத்தாளோ சளியைக் குணமாக்கும் என்று இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே அடங்கிவிடும். சூடான கஷாயம் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான்.

ஆகவே, இதம் தேடிக் கஷாயம் குடிக்கலாம். ஆனால் காய்ச்சல் விடவில்லையா? மூச்சு வாங்குகிறதா? அடுப்படியில் நிற்காதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்!