திறந்தவுடன் மூடிக்கொள்ளும் டிசைன் ஃபைல்

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். பாபநாசம் பக்கத்தில் சிறிய ரைஸ் மில் வைத்திருக்கிறார். "தம்பி, எப்ப லீவு போடப்போற? வர்றப்ப லேப்டாப்பையும் எடுத்துக்கிட்டு வந்துடு. பை டிசைன் திறக்க மாட்டேங்குது" என்றார்.

விஷயம் இதுதான். இத்தனை வருடமாக அவர் அரிசியைப் பெயரில்லாத சாக்கில் போட்டு வியாபாரிகளுக்குக் கொடுத்து வந்தார். இந்த சம்பா அறுவடைக்குத்தான் முதல் முறையாக மில்லின் பெயர் போட்ட 25 கிலோ பையில் நேராகக் கடைகளுக்குத் தர ஏற்பாடு. 2,000 பைகளுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. பிளேட் எடுக்க திங்கட்கிழமை காலைக்குள் ஃபைல் வேண்டும் என்று அச்சடிப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். தவறினால் பொங்கல் விடுமுறை முடிந்துதான். டிசைன் செய்த பையன் அதற்குள் சிங்கப்பூர் போய்விட்டான். விட்டுச் சென்றது ஒரு பென் டிரைவ். அதில் ஒரே ஒரு ஃபைல்.

சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தேன். மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பாகம் மட்டும் மெதுவாகத் தெரிகிறது. பிறகு திரை வெளுத்து, டிசைன் சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொள்கிறது. "காலையிலேர்ந்து பத்து தரம் பாத்துட்டேன்" என்றார் சித்தப்பா.

அந்தப் பத்து தரம்தான் எனக்குப் பயமாக இருந்தது. பென் டிரைவிலிருந்தே ஃபைலைத் திறந்து, அது தொங்கி நிற்கும்போது டிரைவை உருவினால், நன்றாக இருக்கும் ஃபைலும் கெட்டுப்போகலாம். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் முதல் வேலை, ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, அந்தக் காப்பிக்கு வேறு பெயர் கொடுத்து அதில் மட்டும் கை வையுங்கள். அப்படியே ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து புராப்பர்டீஸில் அளவைப் பாருங்கள். 0 பைட்ஸ் என்று காட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அப்போது பழைய பேக்கப்பைத்தான் தேட வேண்டும். கோரல் டிரா பயன்படுத்துகிறவர்கள் அதே ஃபோல்டரில் 'பேக்கப் ஆஃப்' என்று தொடங்கும் ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். இங்க்ஸ்கேப் திடீரென மூடும்போது, சேமிக்காத வேலையை எந்த இடத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று ஒரு செய்தி காட்டும். பலரும் எரிச்சலில் அதைப் படிக்காமலே ஓகே கொடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் ஃபைல் 44 எம்.பி. இருந்தது. எஸ்.வி.ஜி. வகை. ஒரு அரிசிப் பைக்கு இது ரொம்ப அதிகம்.

கோலமும் கோல மாவும்

ஏன் அதிகம் என்று புரிய, வெக்டார் படம் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். வாசலில் போட்ட கோலத்தை போட்டோ எடுத்தால் அது பிட்மேப். எந்த இடத்தில் எந்த நிறம் என்று ஒவ்வொரு மாவுத் துளியையும் எழுதி வைப்பது போல. வெக்டார் அப்படியல்ல. 'இந்தப் புள்ளியில் ஆரம்பி, இப்படி வளை, அந்தப் புள்ளியில் முடி' என்று கோலம் போடும் முறையையே எழுதி வைப்பது. அதனால்தான் விசிட்டிங் கார்டில் போட்ட அதே படத்தைப் பெரிய பேனரில் போட்டாலும் ஓரம் பிசிறு தட்டுவதில்லை. 1960களில் கார் பாடிகளின் வளைவை வரைய, ரெனோ கம்பெனியில் வேலை பார்த்த பியர் பெசியே என்ற பிரெஞ்சு இன்ஜினீயர் கையாண்ட கணக்குதான் இன்று எல்லா டிசைன் சாஃப்ட்வேரிலும் இருக்கிறது. இரண்டு முனைகள், வளைவை இழுத்துப் பிடிக்க இரண்டு கைப்பிடிகள், ஆக ஒரு வளைவுக்கு நான்கு புள்ளிகள் போதும். முனைப் புள்ளியைத்தான் நோடு என்கிறோம்.

நோடுகள் குறைவாக இருந்தால் வெக்டார் ஃபைல் சின்னதாக, வேகமாக இருக்கும். ஆனால் ஒரு போட்டோவை 'டிரேஸ்' கட்டளைக்குக் கொடுத்து தானாக வெக்டாராக மாற்றச் சொன்னால், கல்லில் இருக்கும் ஒவ்வொரு அழுக்கையும் ஒவ்வொரு நிழலையும் கம்ப்யூட்டர் சிரத்தையாக வரைந்து வைக்கும். எந்தக் கோடு முக்கியம் என்று அதற்குத் தெரியாது.

கோளாறு யாரிடம்?

ஃபைலைக் குறை சொல்வதற்கு முன் சாஃப்ட்வேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புதிய காலிப் பக்கம் திறந்து ஒரு கட்டம் வரையுங்கள். வேறு பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து பாருங்கள். இவையும் முரண்டு பிடித்தால் செட்டிங்ஸ் கெட்டிருக்கலாம். கோரல் டிராவைத் திறக்கும்போது எஃப்8 கீயை அழுத்திப் பிடித்தால் பழைய நிலைக்குத் திரும்பும். இல்லஸ்ட்ரேட்டருக்கு கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இன்னொன்று, புதிய பதிப்பில் சேமித்த கோரல் ஃபைலைப் பழைய பதிப்பு திறக்காது. ஃபைல் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது பாதி நேரம் இதைத்தான். அனுப்பியவரிடம் பழைய பதிப்பாகச் சேமித்துத் தரச் சொன்னால் முடிந்தது.

எங்களுக்கு மற்ற ஃபைல்கள் எல்லாம் திறந்தன. ஆகவே கோளாறு இந்த ஃபைலில்தான். மில் கம்ப்யூட்டரில் ரேம் 4 ஜி.பி., என் லேப்டாப்பில் 16. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பை என் லேப்டாப்பில் ஏற்கனவே வைத்திருந்தேன். ஃபைலை நேரடியாகத் திறக்கவில்லை. முதலில் காலிப் பக்கம் ஒன்றைத் திறந்து, வியூ மெனுவில் அவுட்லைன் முறைக்கு மாற்றி, அதற்குள் ஃபைல் மெனுவின் இம்போர்ட் கட்டளையால் கொண்டு வந்தேன். அவுட்லைன் முறையில் நிறம், நிழல், மங்கல் எதையும் வரையாமல் வெறும் கோட்டை மட்டும் காட்டும் என்பதால் கம்ப்யூட்டருக்குச் சுமை குறைவு. கோரல் டிராவில் இதற்கு வயர்ஃப்ரேம் என்று பெயர். இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் + ஒய். ஒரு டீ குடித்துவிட்டு வந்தபோது படம் வந்திருந்தது. திரை முழுக்க மை கொட்டியது போல் ஒரே கறுப்பு. அவ்வளவு கோடுகள்.

இனி எந்தப் பாகம் தொல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்கால் முழுக்கவா வெட்டிப் பார்ப்போம்? பாதி தூரத்தில் இருக்கும் மதகில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்போம். நின்றால் அடைப்பு அதற்குக் கீழே, இல்லாவிட்டால் மேலே. அதே வேலைதான் இங்கும். படத்தில் பாதியை அழித்து, வேறு பெயரில் சேமித்து, சாதாரண முறையில் திறந்து பாருங்கள். திறந்தால் குற்றவாளி அழித்த பாதியில் இருக்கிறான். திறக்காவிட்டால் மிச்சமிருக்கும் பாதியை மீண்டும் இரண்டாக்குங்கள். ஆயிரம் பாகங்கள் இருந்தாலும், தொல்லை ஒன்றில் மட்டும் என்றால் பத்து முறையில் பிடித்துவிடலாம். நாங்கள் சாஃப்ட்வேரில் பிழை தேடுவதும் இப்படித்தான்.

ஆறாவது முறையில் அகப்பட்டது. விமானப் படம் 8 நிறங்களில் டிரேஸ் செய்யப்பட்டிருந்தது. ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்தால் கீழே ஸ்டேட்டஸ் பாரில் நோடுகளின் எண்ணிக்கை தெரியும். கூட்டினால் சுமார் 1,90,000! அதோடு போகவில்லை. அதற்கு அடியில் ஒரு வெள்ளைக் கட்டம், அந்தக் கட்டத்துக்கு அடியில் அதே விமானம் இன்னும் இரண்டு. பிடிக்காத டிசைனை அழிக்காமல், மேலே வெள்ளையைப் போட்டு மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறான் பையன். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கம்ப்யூட்டர் மூன்றையும் வரைந்தே ஆக வேண்டும். ஒரு வளைவுக்கு 6 எண்கள் என்றால் ஒரு விமானத்துக்கு மட்டும் 11 லட்சத்துக்கு மேல் எண்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் அசல் போட்டோவும் கிடந்தது. எஸ்.வி.ஜி. என்பது எழுத்தால் ஆன ஃபைல். அதற்குள் போட்டோவை வைத்தால் அதையும் எழுத்துகளாக மாற்றித்தான் வைக்கும். அதனால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 15 எம்.பி. போட்டோ 20 எம்.பி. ஆகிவிட்டது. திரையில் விரியும்போது இன்னும் மோசம். 6,000க்கு 4,000 பிக்சல் படம், பிக்சலுக்கு 4 பைட்ஸ் வீதம் 96 எம்.பி. ரேமைத் தின்னும்.

நோடுகளைக் குறைக்க இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் + எல் இருக்கிறதே என்று விமானத்தைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். என் லேப்டாப்பும் படுத்துவிட்டது. இவ்வளவு நோடுகளைச் செதுக்கிச் சரி செய்வது வீண் வேலை என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து டிரேஸ் செய்தேன். பையில் அச்சாவதே பச்சை, சிவப்பு என்று இரண்டு நிறம். இதற்கு எதற்கு எட்டு நிற டிரேஸ்? ஒரே நிறத்தில், சின்னச் சின்னப் புள்ளிகளை ஒதுக்கும் ஸ்பெக்கிள்ஸ் அளவைக் கூட்டி வைத்தேன். 6,000 சொச்சம் நோடுகளே வந்தன. அதன் மேல் கன்ட்ரோல் + எல், 2,300 ஆனது. கோரல் டிராவில் ஷேப் டூலால் நோடுகளைத் தேர்ந்தெடுத்தால் ரெட்யூஸ் நோட்ஸ் என்று ஒரு வசதி வரும். இல்லஸ்ட்ரேட்டரில் ஆப்ஜெக்ட் மெனு, பாத், சிம்ப்ளிஃபை. எதிலும் கையை அடக்கி வாசியுங்கள். அளவு மீறினால் உருவமே மாறிவிடும்.

மில்லின் பெயர் இன்னொரு தலைவலி. யூனிகோடு அல்லாத பழைய தமிழ் ஃபான்டில் அடித்திருந்தான். அந்த ஃபான்ட் என்னிடம் இல்லை. திரையில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நின்றன. எஸ்.வி.ஜி. ஃபைலில் பெரும்பாலும் ஃபான்டின் பெயர்தான் இருக்கும், ஃபான்ட் இருக்காது. சித்தப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து யூனிகோடில் புதிதாக அடித்தேன். ஒற்றெழுத்துக்காக அரை மணி நேரம் வாக்குவாதம். பிறகு எழுத்தை உருவமாக மாற்றினேன். கோரலில் கன்ட்ரோல் + க்யூ, இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி. மாற்றிய பிறகு ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. அதனால் மாற்றாத காப்பி ஒன்று கட்டாயம் தனியே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. யாரோ அனுப்பிய வெக்டார் ஃபைல் சாஃப்ட்வேரை மூட வைத்தால், அது எப்போதும் அப்பாவி ஃபைலாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2005 டிசம்பரில் விண்டோஸின் டபிள்யூ.எம்.எஃப். வகைப் படங்களில் ஓர் ஓட்டை வெளிவந்தது. படத்தைப் பார்த்தாலே கம்ப்யூட்டருக்குள் வேறு புரோகிராம் ஓடும்படி செய்ய முடிந்தது. வழக்கமான மாதாந்திர நாள்வரை காத்திருக்காமல் 2006 ஜனவரி 5 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. முன்பின் தெரியாதவர் அனுப்பிய படத்தை ஆன்டிவைரஸ் பார்த்த பிறகே திறங்கள். டிசைன் சாஃப்ட்வேரையும் புதுப்பித்து வையுங்கள்.

ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு ஃபைல் 600 கே.பி.யில் நின்றது. பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பினேன். திங்கள் காலை அச்சகத்தில் ஒரே சொடுக்கில் திறந்ததாகச் செய்தி வந்தது. பொங்கல் கழித்து முதல் கட்டு பைகள் மில்லுக்கு வந்தபோது சித்தப்பா ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு எனக்கு போன் செய்தார்.

"எல்லாம் நல்லாருக்குடா தம்பி. கலசம் மட்டும் கொஞ்சம் மொட்டையா தெரியுது."

கன்ட்ரோல் + எல்லை ஒரு முறை கூடுதலாக அழுத்திவிட்டேன்.