சிறு விமானங்களில் ஆல்டர்னேட்டர்: அதிர்வும் தேய்மானமும்

விமானப் பயிற்சித் துறையில் திருவனந்தபுரத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1932-ஆம் ஆண்டில் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் அங்கு விமானப் பயணக் கழகம் தோன்றியது. பின்னர், கேரள அரசு அமைத்த ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்பப் பயிற்சிக் கழகம் செஸ்னா 172 வகை விமானங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. வணிக விமானி உரிமம் பெற நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். மாணவருக்கு இந்நேரம் தடையின்றிக் கிடைப்பது பராமரிப்பைப் பொறுத்ததாகும். அதில் எளிதில் கவனம் தவறும் உறுப்பு, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர்.

பணி என்ன?

இத்தகைய எஞ்சின்களுக்கு மேக்னெட்டோ தனியே தீப்பொறி அளிக்கிறது. எனவே, ஆல்டர்னேட்டர் செயலிழந்தாலும் எஞ்சின் நிற்பதில்லை. ஆனால் வானொலி, விளக்குகள், மின்விசையால் இயங்கும் இறக்கை மடிப்புகள் ஆகியவை பேட்டரியை மட்டுமே நம்ப நேரிடும். பகலில் இது தரையிறங்கவேண்டிய காரணம், இரவில் பேராபத்து.

அதிர்வின் அளவு

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சிக்கும் இருமுறை எரிதல் நிகழ்கிறது. நிமிடத்திற்கு 2,400 சுழற்சி எனில், விநாடிக்கு 80 துடிப்புகள். 100 மணி நேரத்தில் 2 கோடியே 88 லட்சம். ஒவ்வொன்றும் சிறிதேயாயினும், தொடர்ந்து தாக்கும்போது உலோகம் சோர்வுற்று, தாங்கியில் கீறல் விழுகிறது. சமநிலை தவறிய புரொப்பெல்லரும், இறுகிப்போன ரப்பர்த் தாங்குகளும் இதனை மிகுவிக்கும்.

பொருத்துவதில் நேரும் பிழைகள்

தாங்கிக்கும் ஆல்டர்னேட்டரின் காதுக்கும் இடையே இடைவெளி இருப்பின், உரிய வாஷரால் அதனை நிரப்ப வேண்டும். போல்ட்டை முறுக்கி இடைவெளியை மூடினால், காது வளைந்து, பறக்கும் முன்னரே சுமை ஏற்றுவிடுகிறது. கப்பிகள் நேர்கோட்டில் இல்லையெனில் பெல்ட்டின் பக்கங்கள் தேயும். பெல்ட் தளர்ந்தால் நழுவும். மிகையாக இறுகினால் பேரிங் கெடும். புதிய பெல்ட் சற்று நீளுமாதலால், முதல் 25 மணி நேரத்திற்குள் இறுக்கத்தை மீண்டும் சோதித்தல் அவசியம்.

போல்ட்டைச் சுற்றிக் காணப்படும் செந்நிறத் தூள், எஃகுப் பரப்புகள் உராய்வதன் அடையாளமாக இருக்கலாம். திருவனந்தபுரம் போன்ற கடலோர நகரில் இதனைச் சாதாரணத் துரு எனத் தள்ளிவிடலாகாது. மேலும், உப்புக்காற்றால் அரிப்புற்ற இடத்தில் கீறல் விரைந்து வளரும்.

பொருளாதார நோக்கு

லைக்கமிங் எஞ்சின் பொருத்தப்பட்ட வகைகளில் பெல்ட் புரொப்பெல்லருக்குப் பின்புறம் சுற்றி ஓடுகிறது. ஆகவே, விலை குறைந்த பெல்ட்டை மாற்றவும் புரொப்பெல்லரைக் கழற்ற வேண்டும். உதிரிபாகம் அயல்நாட்டிலிருந்து வரவேண்டியிருப்பின் காத்திருப்பு நீளும். அதுவரை விமானம் நின்றாலும், ஆசிரியரின் ஊதியம், கொட்டகைச் செலவு, காப்பீடு, முதலீட்டின் வட்டி ஆகியவை நிற்பதில்லை. மாணவரின் பறக்கும் நேரமோ தள்ளிப்போகிறது.

இதற்குத் தீர்வு பெரும் செலவுடையதன்று. 100 மணி நேரச் சோதனையில் தாங்கியைத் துடைத்துக் கீறல் பார்த்தல், போல்ட்டுகளைக் குறித்த விசையளவில் முறுக்குதல், பெல்ட் மாற்றிய நாளையும் பறந்த நேரத்தையும் பதிவேட்டில் எழுதுதல், ஓர் உதிரி பெல்ட்டும் தாங்கியும் கையிருப்பில் வைத்தல் ஆகியவை போதுமானவை. புதிய விமானங்களுக்கு நிதி ஒதுக்கும்போது, இருக்கும் விமானங்களைப் பேணும் மெக்கானிக்குகளின் பயிற்சிக்கும் உரிய பங்கு ஒதுக்கப்படல் வேண்டும். அப்பொழுதுதான் முதலீடு முழுப்பயன் தரும்.