ஈன்றவளும் வளர்த்தவளும்



கங்கைக் கரையில் குந்தி தேவி, "நீ என் மகன்" என்றபோது கர்ணன் ஓடிச்சென்று தழுவவில்லை. பிறந்தவுடன் ஆற்றில் விட்டதை இடித்துரைத்தான். வளர்த்த ராதையைக் கைவிட மறுத்தான். ஆயினும் வந்தவளை வெறுங்கையோடு அனுப்பவுமில்லை. பிள்ளைகள் ஐவர் எஞ்சுவர் என்று வாக்களித்தான்.

இத்தகைய கர்ணர்கள் இன்றும் நம்மிடையே உளர். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். வேறொருத்தியைப் பெற்றவளாகக் காட்டிய பொய்ப் பத்திரங்களும் இருந்தமை 2017இல் அம்பலமாயிற்று. ஆகவே, தேடிக் கண்ட பின்னும், மரபணுப் பரிசோதனை முடியும்வரை மனம் நம்ப அஞ்சுகிறது.

உண்மைத் தாயே ஆயினும், அவள் மொழி பிள்ளைக்குப் புரிவதில்லை. மகிழ்ச்சியோடு கோபமும் பொங்குகிறது. வளர்த்தவளுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற எண்ணமும் வாட்டுகிறது. தாய்க்கோ, ஊராரிடம் இத்தனை காலம் மறைத்த வெட்கம்.

அத்தகையோர் நம் ஆலய வாசலுக்கு வந்தால், "பெற்றவளை மன்னித்துவிடு" என்றோ, "வளர்த்தவளே தாய்" என்றோ தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பிரசாதம் கொடுத்து, அருகில் அமர்த்தி, சொல்வதைக் கேட்போம். நம்மில் தமிழும் சிங்களமும் அறிந்தோர் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். இரு தாயரையும் நெஞ்சில் தாங்கும் வலிமையை அவர்களுக்கு இறைவன் அருள்வானாக.