கைத்தொலைபேசியும் உயிர்க்கலமும்

கையடக்கத் தொலைபேசியைக் காதோடு அணைத்துப் பேசுகையில், அதிலிருந்து எழும் கதிர் நம் கலங்களினுள்ளே புகுந்து, பரம்பரை இயல்பைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. இழைகளை அறுத்துவிடுமா? பிள்ளைகளைப் பெற்றோர் பலர் வினவும் வினா இது.

1927ஆம் ஆண்டிலே ஹேர்மன் முல்லர் என்னும் அமெரிக்க அறிஞர், பழ ஈக்களின்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அவற்றின் சந்ததியில் விகாரங்கள் தோன்றக் கண்டார். ஆயின் கதிர்கள் யாவும் ஓரினத்தன அல்ல. எக்ஸ் கதிர் அணுவிலிருந்து இலத்திரனைப் பெயர்த்தெறிய வல்லது. தொலைபேசி வெளிவிடுவதோ வானொலி அலையின் இனம். மூலக்கூற்றின் பிணைப்பொன்றை முறிக்க வேண்டிய சக்தியில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே அதன் ஒவ்வொரு சக்தித் துணுக்கிலும் உண்டு. நம் உடற்சூடே அதனினும் ஆயிரக்கணக்கான மடங்கு வலிமையுடன் மூலக்கூறுகளை ஓயாது உலுக்குகின்றது.

இக்கணக்கோடு விடயம் முடிந்திருக்கும். ஆனால் 1995இல், அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே ஹென்றி லாய், நரேந்திர சிங் என்னும் இருவர், எலிகளை இரண்டு மணி நேரம் நுண்ணலையில் வைத்து, அவற்றின் மூளைக் கலங்களைச் சோதித்தனர். கலத்தைக் கூழ்ப்பொருளில் பதித்து மின்புலத்தில் வைத்தால், அறுந்த இழைத் துண்டுகள் வால்வெள்ளியின் வாலைப்போல் நீண்டு செல்லும். வால் நீள நீளச் சேதம் அதிகம். அழகான சோதனைதான்! அவ்வெலிகளில் வால் நீண்டிருந்தது. சென்ற் லூயிஸ் நகரத்து ஆய்வாளர் இதே சோதனையை மீளச் செய்தபோது அவ்விளைவு காணப்படவில்லை. எலியைக் கொல்லும் முறையே இழைகளைச் சிதைக்கக்கூடும் என்று 1998இல் அவர்கள் எழுதினர். கதிரைக் குற்றவாளியாக்கு முன், ஆய்வுகூடத்துக் கைகளையும் விசாரிக்க வேண்டியிருந்தது.

2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இவ்வலைகளை ‘புற்றுநோயை விளைவித்தல் சாத்தியமானவை’ என்ற வகுப்பிற் சேர்த்தது. அது ஐயத்தின் பெயரேயன்றித் தீர்ப்பன்று. 2018இல் அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் நெடிய ஆய்வொன்றின் முடிவை வெளியிட்டது. எலிகள் கருவில் இருந்த காலந்தொட்டு ஏறத்தாழ இரண்டாண்டுகள், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், உடல் முழுவதும் கதிரேற்றன. ஆண் எலிகள் சிலவற்றின் இதயத்திலே கட்டிகள் தோன்றின; சில உறுப்புகளில் இழைச் சேதமும் காணப்பட்டது. நாம் தொலைபேசியிற் பெறுவதிலும் அவை பெற்ற கதிர் மிகுதி. இன்னொரு புதுமையும் உண்டு: கதிரேற்ற ஆண் எலிகள், கதிரேற்காத ஆண் எலிகளைவிட நீண்டநாள் வாழ்ந்தன.

ஐயமுள்ளோர் செய்யத்தக்கது எளிது. கருவி தலையினின்றும் சிறிது விலகினாலும் தலையில் ஏறும் கதிர் வெகுவாகக் குறையும். சமிக்ஞை மங்கிய இடத்தில் அது கூடிய வலுவோடு கதிரை வெளிவிடும்; அங்கே நீண்ட உரையாடலைத் தவிர்க்கலாம்.